ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசி: ரூம் வாடகை விதியை முதலில் படியுங்கள்

2020 ஏப்ரலில் வந்த ஆரோக்கிய சஞ்சீவனி மருத்துவக் காப்பீட்டை எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் வாசகம் ஒன்றுதான். அதை வகுத்தது காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. மாறுவது பிரீமியமும் சேவையும் மட்டும். முதல் பாலிசிக்கு நல்ல தேர்வு. ஆனால் 5 லட்சம் கவர் (காப்பீட்டுத் தொகை) என்றதும் 5 லட்சம் வரை பில் கட்டிவிடுவார்கள் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

ரூம் வாடகை, நாளுக்குக் காப்பீட்டுத் தொகையில் 2%, அதிகபட்சம் 5,000 ரூபாய். இரண்டரை லட்சத்திலேயே இந்த உச்சம் வந்துவிடும். அதற்கு மேல் கவரை எவ்வளவு ஏற்றினாலும் ரூம் அதே ரூம்தான். ஐ.சி.யு.வுக்கு 5%, உச்சம் 10,000. அது 2 லட்சத்திலேயே முட்டிவிடும்.

வரம்பைத் தாண்டிய ரூமில் சேர்ந்தால் வெட்டு வாடகையோடு நிற்காது. 5 லட்சம் கவர், 10,000 ரூபாய் ரூமில் 4 நாள் என்று வையுங்கள். வாடகை 40,000-க்கு 20,000தான் கிடைக்கும். டாக்டர், ஆபரேஷன் செலவு 1,20,000 என்றால் அதுவும் அதே விகிதத்தில் பாதியாகி 60,000. மருந்து 30,000-ல் மட்டும் கை வைக்க மாட்டார்கள். ஆக 1,10,000, அதிலும் கோ-பே (நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு) 5% கழிந்து 1,04,500. பில் 1,90,000! மீதி 85,500 உங்கள் பையிலிருந்து. அட்மிஷன் கவுன்டரிலேயே வாடகையைக் கேட்டுவிடுங்கள்.

‘மருத்துவமனை’ என்பதற்கும் விளக்கம் உண்டு. 2010-ம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்திலோ, அதன் அட்டவணையில் உள்ள சட்டங்களிலோ பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் 10 படுக்கை, மற்ற இடங்களில் 15; கூடவே இருபத்துநான்கு மணி நேரமும் நர்ஸ், டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், தினசரிக் குறிப்பேடு எல்லாம் வேண்டும். தெருமுனை நர்சிங் ஹோம் கிளெய்ம்கள் சிக்குவது இங்கேதான்.

உள்நோயாளியாகத் தொடர்ந்து 24 மணி நேரம் இருக்க வேண்டும் என்பதும் விதி. டிஸ்சார்ஜ் சம்மரியில் சேர்ந்த நேரமும் வெளியேறிய நேரமும் சரியா என்று பார்த்து வாங்குங்கள். கண்புரை போன்ற, அன்றே வீடு திரும்பும் டே-கேர் சிகிச்சைக்கு இந்த நிபந்தனை கிடையாது. ஆனால் கண்புரைக்கு, ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் 25% அல்லது 40,000 ரூபாய், எது குறைவோ அதுதான்.

‘முன்பே இருந்த நோய்’ என்றால் டாக்டர் கண்டறிந்தது மட்டுமல்ல. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதத்தில் அதற்கு ஆலோசனை கேட்டிருந்தாலே போதும். பழைய பிரஷர் மாத்திரைச் சீட்டைக்கூட மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள். 2024-க்கு முந்தைய பாலிசித் தாள்களில், இந்த நோய்க்கு கிளெய்ம் கிடைக்காத காத்திருப்புக் காலம் 48 மாதம் என்றிருக்கும். இப்போது அதிகபட்சம் 36. படித்துப் பார்த்து ஒத்துவராவிட்டால், கைக்கு வந்த 30 நாளுக்குள் பாலிசியைத் திருப்பிக் கொடுக்கலாம்.