பருப்பைக் குறைப்பதா, உப்பைக் குறைப்பதா?

அம்மாவுக்குக் கிட்னியில் ஆரம்பக் கோளாறு என்று தெரிந்த அன்றே எங்கள் வீட்டில் பருப்பு, முட்டை, சுண்டல் மூன்றும் நின்றுபோயின. விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னது அதைத்தான். ஊறுகாய், அப்பளம் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

கிட்னி ரத்தத்தை வடிகட்டும் வேகத்தைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 64. சிறுநீரில் ஒழுகும் அல்புமின் என்ற புரதம், ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 180 மில்லிகிராம். 30-க்குள் இருக்க வேண்டியது. கிட்னி நோயின் ஐந்து நிலைகளில் இரண்டாம் நிலைதான்.

மூன்று மாதத்தில் 4 கிலோ இறங்கினார். ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்கியது. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுவார். பயந்துபோய் உணவு ஆலோசகரிடம் போனோம். கிலோ எடைக்கு 0.8 கிராம் என்று வைத்தாலே 58 கிலோவுக்கு 46 கிராம் புரதம் வேண்டும், அம்மா சாப்பிடுவது 30 கூடத் தேறாது என்றார். அந்த 0.8 என்ற அளவையே கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக அமைப்பின் 2024 வழிகாட்டி மூன்றாம் நிலையிலிருந்துதான் சொல்கிறது. புரதத்தை இறுக்கிப் பிடித்துப் பார்த்த அமெரிக்க எம்.டி.ஆர்.டி. ஆய்விலும் (1994) தெளிவான பலன் தெரியவில்லை. புரத மாவு, தினம் இரண்டு வேளை கறி என்று அளவு மீறுகிறவர்கள் குறைக்கத்தான் வேண்டும். இட்லி, சோறு, ரசம் என்று வாழ்கிறவரிடம் குறைக்க என்ன இருக்கிறது?

உப்பு விஷயம் வேறு. உப்பு கூடினால் உடம்பில் நீர் தங்கும், பி.பி. ஏறும், கிட்னியின் வடிகட்டிகளில் அழுத்தம் கூடி அல்புமின் ஒழுகும். அந்த அழுத்தத்தைத் தணிக்கத்தான் டெல்மிசார்டன், லோசார்டன் போன்ற மாத்திரைகள். உப்பு மிகுந்தால் அவற்றின் வேலையும் மழுங்கிவிடும்.

நாங்கள் எவ்வளவு உப்பு சாப்பிடுகிறோம் என்று பார்க்க, பாக்கெட் பிரித்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதிவைத்தேன். நான்கு பேருக்கு ஒரு கிலோ 26 நாளில் தீர்ந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 9.6 கிராம்! உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள், கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி. ஊறுகாயும் கடை மிக்சரும் இந்தக் கணக்கில் வராதவை.

சோற்றுக்கு உப்புப் போடுவதை நிறுத்தினோம். ரசத்தில் மிளகும் எலுமிச்சையும் கூடின. பருப்பும் முட்டையும் திரும்பி வந்தன. அடுத்த பாக்கெட் 41 நாள் வந்தது.

இந்துப்புக்கு மாறலாமே என்பார்கள். அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கிறது. மேலே சொன்ன மாத்திரைகளோடு சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம், டாக்டரைக் கேட்காமல் வாங்கவே கூடாது. மூட்டுவலிக்குத் தானாக மருந்துக்கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரையும் அப்படித்தான்.

ஞாயிறு மதியம் தயிர்ச்சோற்றுக்கு நார்த்தங்காயில் ஒரு சிறு துண்டு, விரல்நகம் அளவு. அதை மட்டும் அம்மாவிடமிருந்து பிடுங்க மனசு வரவில்லை.