சோனி 7600ஜிஆர்: கடலோர ஊரில ஒரு பழைய ஷோர்ட்வேவ் செட்டும் ஒரு கேன் ஸ்டவுட்டும்

முதலே சொல்லிர்றன், தூர நாட்டு ஒலிபரப்பை ஷோர்ட்வேவில எடுக்கிற இந்த ரேடியோ செட்டை இப்பவும் நம்பி வாங்கலாம், அதுவும் திருகோணமலை மாதிரி கடலோரத்தில இருக்கிற ஆக்கள் எண்டா கனக்க யோசிக்கத் தேவையில்ல. முழுப்பேர் சோனி ஐசிஎஃப்-எஸ்டபிள்யூ7600ஜிஆர், 2001ல வந்தது, 2018ல சோனி நிப்பாட்டிட்டுது, அதால இப்ப கிடைக்கிறது பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட்தான். கையில எடுத்தா ஒரு தடிச்ச டயரி அளவு, நாலு பென்டோர்ச் பட்டரியில ஓடும்.

கசட் டெக், பழைய வால்வ் செட் எண்டு என்னட்ட வேற சாமானும் இருக்கு, ஆனா பின்னேரமானா கை போறது இதுக்குத்தான். காரணம் எங்கட ஊர். மீடியம் வேவ் அலை தரைக்கு மேலால போறத விட உப்புத்தண்ணிக்கு மேலால கனதூரம் போகும், கடல்தண்ணி மின்சாரத்த நல்லா கடத்தும் எண்டதால. எங்களுக்கும் சென்னைக்கும் இடையில கிட்டத்தட்ட முழுக்க வங்காள விரிகுடாதான், அதால சென்னை வானொலி 720 கிலோஹெர்ட்ஸ்ல வெயில் இறங்க முதலே எழும்பி வரும், பொழுது பட்டா திருச்சி 936, தூத்துக்குடி 1053 எண்டு ஒவ்வொண்டா சேரும். மீடியம் வேவுக்கு மேல இழுக்கிற ஏரியல் உதவாது, செட்டுக்குள்ள படுக்கையா ஒரு ஃபெரைட் கம்பி இருக்கு, அதுதான் ஏரியல். செட்டை மேசையில வச்சு மெல்ல மெல்லத் திருப்பிப் பாருங்க, ஒரு இடத்தில சத்தமா நிண்ட ஸ்டேஷன் மங்கிப்போய் அதுக்குக் கீழ இருந்த இன்னொரு ஸ்டேஷன் தெளிவா கேக்கும், எனக்கு இந்த செட்டில ஆகப் பிடிச்ச விளையாட்டு அதுதான்.

ஆனா இதுக்குப் பேர் வாங்கிக் குடுத்தது சின்க் எண்ட வசதி. ஷோர்ட்வேவ் வானத்தில பட்டு பல பாதையால வாறதால சத்தம் ஏறி இறங்கும், அது பரவாயில்ல, பிரச்சினை என்னெண்டா சில நேரம் குரலைச் சுமந்து வாற நடு அலை, கேரியர் எண்டுறது, அது மட்டும் விழுந்திடும், அப்ப சாதாரண செட்டில கதைக்கிறவரின்ர குரல் கிழிஞ்சு கரகரத்து என்ன சொல்றாரெண்டே விளங்காது. இதில சின்க் போட்டா செட் தானே உள்ளுக்குள்ள ஒரு கேரியரை உண்டாக்கி அத வச்சு குரலை எடுக்கும், குரல் சின்னனாகும் ஆனா கிழியாது. அதோட கேரியருக்கு மேல்பக்கம் கீழ்ப்பக்கம் ரெண்டிலயும் குரல் இருக்கும், அதில ஒண்டைத் தெரிஞ்செடுக்கலாம், பக்கத்து ஸ்டேஷன் மேலால வந்து இடிச்சா கீழ்ப்பக்கத்துக்கு மாத்த அந்த விசில் சத்தம் அடங்கிடும். சீன வானொலியின்ர தமிழ்ச் சேவைய சின்க் இல்லாமலும் சின்க்கோடயும் மாறி மாறிக் கேட்டுப் பாருங்க, வேற விளக்கம் தேவைப்படாது.

கேரியர் இல்லாம ஒரு பக்கத்தை மட்டும் அனுப்புற எஸ்எஸ்பி முறையைக் கேக்கிற வசதியும் இருக்கு, 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போனா இரவில ஹாம் ஆக்கள், அதாவது பொழுதுபோக்குக்கு சொந்தமா வானொலியில கதைக்கிற ஆக்கள், கதைக்கிறது கேக்கும், எங்கட நாட்டு ஆக்களெண்டா அவையின்ர அழைப்புப் பேர் 4எஸ்7 எண்டு தொடங்கும், பக்கவாட்டில இருக்கிற சின்னச் சில்லை உருட்டி வாத்துக் குரலை மனுசக் குரலாக்கிறதுக்கு கொஞ்சம் பழக்கம் வேணும். ஒரு குறை, ஸ்டேஷன் தேட குமிழ் இல்ல, நம்பர் அமத்தணும் இல்லாட்டி மேல கீழ பட்டனை அமத்தி அமத்திப் போகணும். குமிழ் திருப்பியே பழகினவங்களுக்கு இது பிடிக்காது. 100 மெமரி இருக்கிறதால எனக்கு அது பெரிசாத் தெரியேல்ல.

ஷோர்ட்வேவ் எண்டா எங்கட சனத்துக்கு வெறும் பொழுதுபோக்கு இல்ல எண்டதையும் சொல்லணும். சண்டைக் காலத்தில இரவு பிபிசி தமிழோசை, பிலிப்பைன்ஸில இருந்து வந்த வெரித்தாஸ், இதுக்காக ஒரு செட்டைச் சுத்தி நாலு வீட்டுச் சனம் இருந்தது, வடக்கில பட்டரிக்குத் தடை போட்ட நேரம் சைக்கிள் டைனமோவைச் சுத்திச் சுத்தி செய்தி கேட்டாங்க. தமிழோசை ஷோர்ட்வேவில 2017ல நிண்டது, வெரித்தாஸ் அடுத்த வருசம். அதோட ஜெர்மன்காரரின்ர டொய்ச்ச வெல்ல வானொலியின்ர ஒலிபரப்பை வாங்கித் திருப்பி அனுப்புற நிலையமே எங்கட ஊர் திருகோணமலையிலதான் இருந்தது, 2013ல இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திட்ட குடுத்திட்டுப் போயிட்டாங்க. உலகத்துக்கே ஷோர்ட்வேவ் அனுப்பின ஊரில இப்ப பொடியங்களுக்கு அந்தப் பேரே தெரியாதெண்டது எனக்கு உண்மையிலயே கவலை.

இப்ப பெரிய எதிரி இரைச்சல். மலிவு எல்ஈடி பல்ப், போன் சார்ஜர், பக்கத்து வீட்டு ரவுட்டர், எல்லாம் ஷோர்ட்வேவுக்குள்ள பிர்ர்ர் எண்டு கத்தும். 2022ல ஒரு கட்டத்தில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட் பண்ணினாங்களே, சனம் பட்ட கஷ்டம் தெரியும், ஆனா அந்த இரவுகளில ஷோர்ட்வேவ் இரைச்சலில்லாம இருந்த சுத்தம் எனக்கு மறக்காது. இப்ப நான் செய்யிறது வீட்டு மெயினை நிப்பாட்டிட்டு பட்டரியில போடுறது, இல்லாட்டி செட்டோட வாற அந்தச் சுருள் வயர் ஏரியலைக் கொண்டு உப்புவெளிப் பக்கம் கடற்கரைக்குப் போறது. ஐப்பசி இடிமழை நேரம் எங்க போனாலும் படபடப்புதான், அந்த மாசம் பெரிசா எதிர்பார்க்காதேங்கோ.

வாங்கேக்க முதல் பட்டரி வைக்கிற மூடியைத் திறவுங்கோ. பச்சையா வெள்ளையா பூத்திருந்தா விலையை நல்லா இறக்கிக் கேளுங்கோ, இல்லாட்டி விடுங்கோ. எங்கட ஊரில வாடைக் காத்துக் காலத்தில உப்பு வீட்டுக்குள்ளயே வரும், அது ஏரியல் மூட்டையும் பட்டரிக் கம்பியையும்தான் முதல் தின்னும். எனக்குத் தெரிஞ்ச ஒரு ரேடியோ திருத்திற ஐயா இருக்கிறார், செட்டைக் கையில எடுத்தா முதல் மணந்து பார்ப்பார், பிறகு பழைய பல்லுத்தேய்க்கிற பிரஷில வினாகிரி தொட்டு பட்டரிக் கம்பியைத் தேய்ச்சு, ஸ்பிரிட்டால துடைச்சு, ஹேர் ட்ரையர் பிடிச்சுத்தான் குடுப்பார். "பட்டரியை உள்ளுக்கு விட்டிட்டு செட்டைத் தூக்கி வைக்காத தம்பி, அதுதான் கொல்லுறது" எண்டு சொல்லாம ஒரு செட்டும் திருப்பித் தரமாட்டார். நான் பாவிக்காத நேரம் பட்டரிய வெளிய எடுத்திட்டு, அரிசி மூட்டைக்குப் பதிலா மருந்துப் போத்தலில வாற சிலிக்கா பைகளோட டப்பாவில மூடி வைக்கிறன், இதுவரைக்கும் ஒரு துருப்பொட்டும் இல்ல.

பியர் கதைக்கு வாறன். வெளிநாட்டில இந்தப் பழைய சாமான் பைத்தியம் உள்ள ஆக்கள் கிராஃப்ட் பியரோட இருப்பினம், இங்க வைன் ஸ்டோர்ஸில அப்பிடி வகைவகையா கிடைக்காது, ஆனா லயன் ஸ்டவுட் இருக்கு. அதைக் குறைச்சு நினைக்காதேங்கோ. நுவரெலியாவில தொடங்கின கம்பனி, இப்ப பியகமவில காய்ச்சுறாங்க, 8.8 வீதம், பியரைப் பற்றி எழுதி உலகப் பேர் எடுத்த இங்கிலாந்துக்காரர் மைக்கல் ஜாக்சன் இதைப் பெரிசா மெச்சினவர், பாட்டுக்காரர் இல்ல, இவர் வேற. பிரிட்ஜில இருந்து எடுத்த கையோட குடிச்சா வெறும் கசப்புதான் தெரியும், கொஞ்ச நேரம் வெளிய வச்சிட்டு கிளாசில ஊத்துங்கோ, மண்ணிற நுரை அடங்கேக்க கோப்பி மணம், கருகின சீனி மணம், பிறகு சொக்லேட் எண்டு ஒவ்வொண்டா வரும். கணவாய் பொரியலோட ஒரு கேனை ரெண்டு பேர் பகிர்ந்தா ஒரு இரவுக்குக் காணும், இதுக்கு மேல எடுத்தா எஸ்எஸ்பி சில்லை உருட்ட விரல் நிதானம் வேணாமா. போயா எண்ட பௌர்ணமி நாளில கடை பூட்டு, முதல் நாளே வாங்கி வையுங்கோ. காலமை இறக்கின நல்ல பனங்கள்ளு கிடைச்சா நான் ஸ்டவுட்டையும் விட்டிட்டு அதுக்குத்தான் போவன், ஈஸ்ட் ஒண்டும் போடாம முட்டியிலயே தானாப் புளிக்கிற சாமான், தவறணைக்குத் தவறணை மரத்துக்கு மரம் ருசி மாறும், ஆனா பின்னேரம் ரேடியோ போடுற நேரத்துக்கு அது நல்லாப் புளிச்சிடும்.

சோனி கிடைக்காட்டி டெக்சன் பிஎல்-660, பிஎல்-680 ரெண்டும் பார்க்கலாம், சின்க், எஸ்எஸ்பி, விமானக்காரர் கதைக்கிறதக் கேக்கிற விமான பாண்ட், குமிழ் எல்லாம் இருக்கு, ஆனா சிக்னல் விழேக்க சின்க் விடாம நிக்கிறதில சோனி ஒரு படி மேல. விலை கிட்டமுட்ட எண்டா சோனி, சோனிக்காரர் இரட்டிப்பா கேட்டா டெக்சன். எதை எடுத்தாலும் விக்கிறவரிட்ட இரவு 7 மணிக்குப் பிறகு கரண்ட் வயரில்லாம பட்டரியில போட்டுக் காட்டச் சொல்லுங்கோ, பகலில கடைக்குள்ள வச்சுக் கேட்டா நல்ல செட்டும் பழுதான செட்டும் ஒரே மாதிரித்தான் இரையும்.