அ வைஜன் சிகரம்: பூலியூ வழியா, கின்லாக்யூ வழியா?

ஸ்காட்லாந்தின் மன்ரோ சிகரங்களில், அதாவது 3,000 அடியைத் தாண்டியவற்றில், மிக ஒதுங்கியது என்று பலரும் சொல்வது 967 மீட்டர் உயர அ வைஜன்.

பூலியூ கிராமத்திலிருந்து போனால் பாதை பெரும்பாலும் கூடவே வரும். ஃபியோன் ஏரியின் கல்வரம்பைக் கடந்து, கார்ன்மோர் கொட்டகையில் இரவு தங்கி, மான் வேட்டைக்காரர்களின் பழைய தடத்தில் ஏறலாம். நெடுந்தூரம், ஆனால் குழப்பமில்லை.

கின்லாக்யூ கிராமத்திலிருந்து போகும் வழியில் ஃபாடா ஏரியை ஒட்டித் தடம் காணாமல் போகும். அப்புறம் சதுப்பு, புல்மேடு, மறுபடியும் சதுப்பு. மூடுபனி இறங்கினால் வரைபடமும் திசைகாட்டியும்தான் கதி. உச்சியின் மேற்கு விளிம்பு செங்குத்துப் பாறை வேறு. வானம் தெளிந்திருந்தால் என் ஓட்டு இதற்கே. மழை நாளில் பூலியூதான். கோடையில் கடிக்கும் குட்டி மிட்ஜ் பூச்சிகளுக்கு முகவலை இரண்டிலும் வேண்டும்.