சுவரைத் தாண்டாத தோட்டா என்று சொல்லி 86 டாலர் கறந்தார்கள்

டாலஸ் பக்கம் வீடு வாங்கி, பாதுகாப்புக்கென்று கைத்துப்பாக்கியும் வாங்கி வைத்திருக்கும் நம்ம ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். கடை பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். இதே பேச்சை உங்கள் ஊர்க் கடையிலும் கேட்பீர்கள்.

போன வருஷம் எங்கள் தெருவில் ஒரே மாதத்தில் இரண்டு வீட்டுக் கதவை உடைத்தார்கள். அப்போதுதான் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். எங்கள் படுக்கையறைக்கு எதிரே பிள்ளைகள் அறை, அதை ஒட்டி அம்மா அறை. கரூரில் எங்கள் வீடு ஒன்பது இஞ்சு செங்கல் சுவர். காலண்டர் மாட்ட ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். இங்கே உள்சுவர் என்பது அரை இஞ்சு ஷீட்ராக் பலகை இரண்டு, நடுவே மூன்றரை இஞ்சுக்கு ஒன்றுமில்லை, பதினாறு இஞ்சுக்கு ஒரு மரச்சட்டம். காகிதத்துக்கு நடுவே ஜிப்சம், அவ்வளவுதான். என் மகன் ஸ்கூட்டரை மோதியே ஒரு ஓட்டை போட்டிருக்கிறான்.

இந்தக் கவலையை அப்படியே கடைக்காரரிடம் கொட்டினேன். அவர் யோசிக்கவே இல்லை. பின்னாலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார். ஃப்ரான்ஜிபிள் தோட்டா, 9 மி.மீ., பெட்டிக்கு இருபது. "சுவரில் பட்டதும் பொடிப்பொடியாகிவிடும், பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கலாம்" என்றார். பிள்ளைகள் என்ற வார்த்தையிலேயே நான் விழுந்துவிட்டேன். இரண்டு பெட்டி, வரியோடு 86 டாலர் சொச்சம்.

(நடுவில் ஒன்று. ஹெச்-1பி விசாவில் இருப்பவர்கள், வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் இல்லாவிட்டால், துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். "ரெண்டு நாள் உங்க வீட்ல இருக்கட்டும்" என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.)

ஆபீஸில் என்னோடு வேலை செய்பவர் முன்னாள் ராணுவக்காரர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "சனிக்கிழமை என் பண்ணைக்கு வா, ஷீட்ராக் வாங்கிட்டு வா" என்றார். பலகையை வெட்டி, சட்டம் அடித்து, ஒரு வீட்டின் மூன்று உள்சுவர் மாதிரி வரிசையாக நிறுத்தினோம். மொத்தம் ஆறு பலகை. அதற்குப் பின்னால் தண்ணீர் கேன்கள், அதற்கும் பின்னால் பெரிய மண்மேடு.

என் "பொடியாகும்" தோட்டாவைத்தான் முதலில் சுட்டார். போய்ப் பார்த்தால் ஆறு பலகையிலும் சுண்டுவிரல் நுழையும் அளவு ஓட்டை. பின்பக்கம் காகிதம் மட்டும் கொஞ்சம் கிழிந்து தொங்குகிறது. முதல் கேனில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது சுவருக்கு அந்தப் பக்கம். எங்கள் வீட்டுக் கணக்கில் அது அம்மாவின் கட்டில்.

அதன் சூட்சுமத்தை அவர்தான் சொன்னார். செம்புத் தூளை அழுத்திச் செய்த தோட்டா அது. இரும்புத் தகட்டில் பட்டால் நொறுங்கும். பக்கத்தில் நின்று தகட்டைச் சுட்டுப் பழகுபவர் மேல் சில்லு திரும்பிப் பாயாமல் இருப்பதற்கென்றே செய்தது. ஜிப்சம் அதற்கு மாவு மாதிரி.

அடுத்து சாதாரண ஹாலோ பாயிண்ட். உடம்பில் பட்டால் பூப்போல விரிந்து வேகம் குறையும் என்பார்களே, அது. அதுவும் ஆறையும் தாண்டியது. கேனிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தார். விரியவே இல்லை. மூக்கிலிருக்கும் குழியில் வெள்ளைப் பொடி இறுகிக் கிடந்தது, விபூதியைத் திணித்து அடைத்த மாதிரி. குழி அடைபட்டால் அதுவும் முழு உறை போட்ட பயிற்சித் தோட்டா மாதிரி விரியாமல்தான் போகுமாம்.

அப்படியென்றால் சுவரில் நிற்கும் தோட்டாவே கிடையாதா என்று கேட்டேன். ஏன் கிடையாது என்பதற்கு அவர் ஒரு பழைய சம்பவத்தைச் சொன்னார். 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த சண்டையில் எஃப்.பி.ஐ. ஏஜெண்டுகள் இருவர் செத்தார்கள். கொள்ளைக்காரன் ஒருவன் உடம்பில் பாய்ந்த 9 மி.மீ. தோட்டா இதயத்தைத் தொடாமல் முன்னாலேயே நின்றுவிட, அவன் தொடர்ந்து சுட்டான். அதற்குப் பிறகுதான், உடம்புச் சதைக்குப் பதிலாக வைத்துச் சுட்டுப் பார்க்கும் ஜெல்லில் தோட்டா குறைந்தது 12 இஞ்சு, அதிகபட்சம் 18 இஞ்சு போக வேண்டும் என்று எஃப்.பி.ஐ. அளவு வைத்தது. ஆளை நிறுத்த அவ்வளவு ஆழம் போகிற தோட்டாவுக்கு அரை இஞ்சு ஜிப்சம் எந்த மூலைக்கு? செம்பு உறைக்குள் பொடிக்குண்டு அடைத்து விற்பதும் உண்டு. அது ஆழம் குறைவாகப் போகும், ஆனால் ஒரு சுவரையாவது தாண்டாது என்று நம்பிப் பக்கத்து அறையில் யாரையும் படுக்க வைக்க முடியாது.

திங்கட்கிழமை பிரிக்காத பெட்டியோடு கடைக்குப் போனேன். வெளியே போன தோட்டாவைத் திருப்பி எடுப்பதில்லையாம். அந்த விற்பனையாளர் அன்றைக்கு லீவாம். மேனேஜர் பெட்டியைத் திருப்பிக் காட்டினார்: பயிற்சிக்கு, இரும்பு இலக்குக்கு என்று எறும்பு அளவு எழுத்தில் அச்சடித்திருந்தது. படிக்காதது என் தப்புதான். ஆனால் சுவரைத் தாண்டாது என்று அந்தப் பெட்டியில் எங்குமே இல்லை. அதைச் சொன்னது ஆள்.

இப்போது வீட்டில் ஹாலோ பாயிண்ட்தான், பூட்டிய பெட்டியில். நிற்கும் என்று நம்பி அல்ல. சத்தம் கேட்டால் எல்லாரும் எங்கள் அறைக்கு வந்து கதவைப் பூட்டிக்கொண்டு 911 அழைப்பது என்று முடிவு. எங்கள் அறை வாசலிலிருந்து கோடு பிடித்துப் பார்த்ததில் அம்மாவின் கட்டில் சரியாக நேர்க்கோட்டில் இருந்தது. வேறு அறைக்கு மாற்றினேன்.

"என்னடா, வாஸ்துவா?" என்றார்.

"ஆமாம்மா" என்றேன்.