ஜேஎஸ்பி டேக் கோப்புகள்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்கு அருகில் இயங்கும் ஓர் அமைப்புக்காக, ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா நிகழ்ச்சிகளுக்குப் பதிவு செய்ய, ஜேஎஸ்பியில் (ஜாவாவைக் கொண்டு சேவையகத்தில் இணையப் பக்கங்களை உருவாக்கும் முறை) எழுதப்பட்ட இணையச் செயலியைப் பராமரித்து வருகிறேன். அதன் முப்பதுக்கும் மேற்பட்ட பக்கங்களுக்கு மேற்பகுதியும் அடிப்பகுதியும் ஒன்றே. முன்பு இவற்றை, ஒரு கோப்பை மற்றொன்றில் செருகும் இன்க்ளூட் கட்டளையால் இணைத்திருந்தோம். மேற்பகுதிக் கோப்பில் திறக்கும் டிவ் (பக்கத்தின் ஒரு பகுதியைச் சூழும் எச்டிஎம்எல் குறி), அடிப்பகுதிக் கோப்பில்தான் மூடும் என்பதால், எந்தக் கோப்பைத் திறந்தாலும் பக்கத்தின் முழு வடிவம் கண்ணுக்குத் தெரியாது. கடந்த ஆண்டு அனைத்தையும் டேக் கோப்புகளுக்கு, அதாவது பக்கங்களில் ஒரு குறியாக (டேக்) அழைத்துப் பயன்படுத்தும் தனிக் கோப்புகளுக்கு, மாற்றினோம்.

நாமே வரையறுக்கும் தனிப்பயன் டேக் ஜேஎஸ்பிக்குப் புதியதன்று. ஆனால், ஒவ்வொன்றுக்கும் ஜாவா வகுப்பு எழுதி, டேக்குகளைப் பட்டியலிடும் டிஎல்டி கோப்பிலும் அதை விவரிக்க வேண்டியிருந்தது. அந்தச் சுமையை நீக்கியது 2003-இல் வெளிவந்த ஜேஎஸ்பி 2.0. வெப்-இன்ஃப் அடைவின் டேக்ஸ் கோப்புறையில், மேற்பகுதியும் அடிப்பகுதியும் சேர்ந்த சட்டகத்தை ஒரே கோப்பாக எழுதி, உள்ளடக்கம் வரவேண்டிய இடத்தில் டூபாடி என்ற டேக்கை வைத்தால் போதும். டேக்குக்கு அனுப்பும் தலைப்பு என்னும் பண்பைக் கட்டாயமாக்கிவிட்டதால், அதை மறந்த பக்கம் ஓடாமல் உடனே பிழை காட்டுகிறது. பக்கத்துக்குப் பக்கம் மாறும் அறிவிப்புப் பகுதியை ஃப்ராக்மென்ட் (பக்கத் துண்டு) வகைப் பண்பாக அனுப்புகிறோம். திறப்பதும் மூடுவதும் ஒரே கோப்பில் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை, இரவு பதினொரு மணிக்கு விடுபட்ட ஒரு டிவ்வைத் தேடியவர்கள் அறிவார்கள்.

தமிழில் பக்கம் எழுதுவோர் ஒன்றில் மிகுந்த கவனமாக இருக்க வேண்டும். எங்கள் முதல் சோதனையில் உள்ளடக்கம் தெளிவாக வந்தது. சட்டகத்தில் இருந்த 'நிகழ்ச்சிகள்' என்ற சொல் மட்டும் புரியாத குறியீடுகளாகச் சிதைந்தது. எழுத்துக் குறியாக்கம் கோப்புக்குக் கோப்பு தனித்தனியாகத் தீர்மானிக்கப்படுவதால், பக்கத்தில் யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டாலும் டேக் கோப்புக்கு அது பொருந்தாது. ஒவ்வொரு டேக் கோப்பின் முதல் வரியிலும் அதைத் தனியே எழுத வேண்டும். பழைய பக்கங்களில் ஜாவா வரிகள் கலந்திருந்தால், டேக்கின் உடலுக்குள் அவற்றை வைக்க முடியாது என்பதும் வேலையைக் கூட்டும். எங்களுக்கு இரண்டு வார இறுதிகள் அதற்கே சென்றன.

ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பில் ஒரே ஜார் (ஜாவா தொகுப்பு) கோப்பாக இயக்கப் புதிதாகத் தொடங்குவோருக்கு ஜேஎஸ்பியே பொருந்தாது. அவர்கள் தைம்லீஃப் என்ற வார்ப்புரு நூலகத்தின் பக்கம் செல்லலாம். ஏற்கெனவே டாம்கேட் சேவையகத்தில் ஓடும் ஜேஎஸ்பி செயலியைக் கையில் வைத்திருப்போர், கூடுதல் நூலகம் எதையும் சேர்க்காமல் இதற்கு மாறலாம் என்று உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்.