ஹைலேண்ட் பேக்பைப்: பல வருடம் வாசித்த பிறகு

கிளாஸ்கோவில் வாங்கிய ஹைலேண்ட் பேக்பைப், அதாவது பையில் காற்றை நிரப்பி வாசிக்கும் ஸ்காட்லாந்து ஊதுவாத்தியம், பல வருடமாக என்னிடம் இருக்கிறது. பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்பது, "இவ்வளவு மூச்சு எப்படிப் பிடிக்கிறீர்கள்?" என்றுதான். உண்மையில் மூச்சைவிடக் கைக்குத்தான் வேலை அதிகம். ஊதும்போது பை நிரம்பும். மூச்சை இழுக்கும் நேரத்தில் இடது கை பையை அழுத்திக் காற்றைக் கொடுக்க வேண்டும். ஊதுவதிலிருந்து அழுத்துவதற்கு மாறும் அந்த நொடியில் அழுத்தம் லேசாகக் குறைந்தாலும் சுருதி ஆடிவிடும். விரல்கள் பழகிய பிறகும் இது கைவர நாளாகும்.

பையிலிருந்து தோள்மேல் நிற்கும் மூன்று குழல்கள்தான் ட்ரோன்கள். நாகஸ்வரத்துக்கு ஒத்து செய்யும் வேலையை, அதாவது விடாமல் சுருதி பிடிப்பதை, இங்கே அவை செய்கின்றன. விரல் வைத்து வாசிக்கும் குழலுக்குச் சாண்டர் என்று பெயர். ட்ரோன்களில் இரண்டு டெனர், சாண்டரின் கீழ் 'ஏ' ஸ்வரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே. ஒரு பாஸ், இரண்டு ஸ்தாயி கீழே. சாண்டரில் இருப்பது நாணலில் செய்த இரட்டைச் சீவாளி. ட்ரோன்களுக்கு ஒற்றை நாக்குதான். நான் ட்ரோன்களுக்குச் செயற்கைச் சீவாளிக்கு மாறிவிட்டேன். நாணலின் நாதம் கொஞ்சம் செழுமைதான், ஆனால் ஈரம் பட்டதும் அது பண்ணும் அடத்தைத் தாங்க முடியவில்லை.

பை விஷயத்தில் இன்னும் எனக்கு இரண்டு மனம். தோல் பை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் அவ்வப்போது உள்ளே பதப்படுத்தும் மருந்து ஊற்றிப் பிசைய வேண்டும். சில வாரம் தொடாமல் விட்டால் காய்ந்து காற்று கசியும். இப்போது இருப்பது ஜிப் வைத்த கோர்டெக்ஸ் என்ற செயற்கைத் துணிப் பை. பராமரிப்பு குறைவு, ஆனால் ஈரம் சீவாளி வரை ஏறாமல் தடுக்க உள்ளே தனிக் குழாய் அமைப்பு தேவைப்படுகிறது. அப்புறம், குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட வீட்டில் மரம் சுருங்கும், இணைப்புகள் தொளதொளக்கும். மெழுகு தடவிய சணல் நூல் எப்போதும் கையில் இருக்கட்டும்.

வாசிப்புக்கு வருவோம். மொத்தம் ஒன்பது ஸ்வரங்கள். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. நடுவில் நிறுத்தவும் முடியாது. ஒரே ஸ்வரம் இரண்டு முறை வந்தால் இடையில் மின்னல் வேகத்தில் வேறொரு ஸ்வரத்தைத் தொட்டுத்தான் பிரிக்க வேண்டும். இந்த கிரேஸ்நோட்டுகளில்தான் இந்த வாத்தியத்தின் இலக்கணமே இருக்கிறது. டபுளிங், பர்ல், டூர்லுவா என்று கிரேஸ்நோட் கொத்துகள் போய், பீப்ராக் என்ற செவ்வியல் உருப்படிகளின் உச்சியில் க்ரூன்லுவா என்ற கொத்து வரும். ஒன்று மங்கலாக விழுந்தாலும் தேர்ந்த காது பிடித்துவிடும். இதையெல்லாம் முதலில் பை இல்லாத பிராக்டிஸ் சாண்டரில் பழகுவதுதான் வழக்கம். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு அதை விட்டால் வேறு வழியும் இல்லை, முழு பைப் 100 டெசிபலைத் தாண்டும். காதடைப்பான் போடாமல் நான் வாசிப்பதில்லை.

நண்பர்களின் கிடாரோடு சேரலாம் என்ற கனவு இருந்தால் ஒரு எச்சரிக்கை. இன்றைய சாண்டர்களின் 'ஏ' சுமார் 480 ஹெர்ட்ஸ்; கிடாருக்கு 440. பி-ஃபிளாட் ஸ்வரத்துக்கு (466 ஹெர்ட்ஸ்) இறக்கிச் செய்த சாண்டர் தனியாகக் கிடைக்கிறது, கிடார்க்காரர் முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கிளிப்) போட்டுக்கொண்டால் சரி.

வாங்குவதானால் பழைய ஆப்பிரிக்கன் பிளாக்வுட் செட்டைத் தேடுங்கள். விரிசல் இல்லையென்றால் மரம் தலைமுறைகள் தாங்கும், பையும் சீவாளியும் மட்டும் புதிதாகப் போட்டால் போதும். குழல்களில் உள்ள வளையங்கள் யானைத் தந்தமா என்று மட்டும் வாங்கும்முன் பார்த்துவிடுங்கள். தந்தம் என்றால், உரிய அனுமதி இல்லாமல் நாட்டு எல்லை தாண்டி எடுத்துப்போக முடியாது.