தேய்ந்த செம்பில் எதைத் தேடுவது: குதிரைவீரனா, பூங்கொத்தா?

போன வருடம் ஒரு நாணயக் கண்காட்சியில் பழைய கனடா செப்பு டோக்கன்கள் ஒரு டப்பா நிறைய வாங்கிவிட்டேன். 1858-ல் தசம நாணயம் வருவதற்கு முன்பு, சில்லறைத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க வங்கிகளும் வணிகர்களும் சில மாகாண அரசுகளும் புழக்கத்தில் விட்டவை. மாகாணவாரியாகப் பிரிப்பது ஒரு மாலை வேலை. ஆனால் எது எந்த அச்சில் அடித்தது என்று ஆராய இறங்கினால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கட்டி அழ முடியாது. ஏதாவது ஒரு வரிசையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். என் முன்னால் இருந்தவை மூன்று: அப்பர் கனடா (இன்றைய ஒன்டாரியோ) வங்கியின் செயின்ட் ஜார்ஜ், அதாவது குதிரைமேல் ஏறி டிராகனைக் கொல்லும் வீரன்; லோயர் கனடாவின் (இன்றைய கியூபெக்) பூங்கொத்து சூ, சூ என்றால் அரைப் பென்னிக்குப் பிரெஞ்சுப் பெயர்; நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் திஸில், அதாவது முட்செடிப் பூ.

கதைக்கும் அழகுக்கும் பூங்கொத்துதான். ரோஜா, திஸில், ஷாம்ராக் என்ற மூவிலைச் செடி, கோதுமைக் கதிர் எல்லாம் சேர்ந்த கொத்து ஒரு பக்கம். இலை வளையத்துக்குள் ‘அன் சூ’ என்ற மதிப்பு மறுபக்கம். 1830-களில் மான்ட்ரியல் வங்கி முதலில் வெளியிட்டதில் ஒருமைக்குப் பன்மை போட்டு ‘அன் சூஸ்’ என்று எழுத்துப்பிழையோடு அடித்துவிட்டார்கள். அப்புறம் ஆளாளுக்கு நகலெடுக்க, டஜன் கணக்கில் அச்சுகள். அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் பெல்வில்லிலும் அடித்தார்கள். சின்ன நட்சத்திரமும் புரட்சிக்காரர்களின் சின்னமான விடுதலைத் தொப்பியும் ஒளிந்திருக்கும் ‘ரிபெல்லியன் சூ’ (கிளர்ச்சிக் காசு) இந்தக் குடும்பம்தான். பிரெட்டன் என்பவர் தொகுத்த கனடா காசுப் பட்டியலில் அதன் எண் 716. யாருக்குத்தான் ஆசை வராது?

நானும் பூங்கொத்தில்தான் தொடங்கினேன். அங்கே அடையாளம் என்பது பெரும்பாலும் எண்ணிக்கை: வளையத்தில் எத்தனை இலை, கொத்தில் எத்தனை ஷாம்ராக், முடிச்சு எப்படி இருக்கிறது. என் கைக்குக் கிடைத்த காசுகளிலோ இலைகள் ஒன்றோடொன்று ஒட்டி வழவழப்பாகக் கிடந்தன. ஒரே காசை மூன்று தடவை எண்ணினால் மூன்று விடை. புத்தம்புதுக் காசாக வாங்கப் பணம் இருப்பவருக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. எனக்கு உண்டு. அதனால் நான் எடைபோட்டது ஒன்றே ஒன்றுதான்: காசு தேய்ந்த பிறகும் அந்த அடையாளம் நிற்குமா?

இந்தச் சோதனையில்தான் செயின்ட் ஜார்ஜ் ஜெயித்தார். 1850, 1852, 1854, 1857 என நான்கே வருடங்கள். பென்னி, அரைப் பென்னி என இரண்டே மதிப்புகள். 1852-ல் முன்பக்க அச்சும் பின்பக்க அச்சும் ஒன்றுக்கொன்று எந்தத் திசையில் நின்றன என்பதே ஒரு வேறுபாடு. குதிரைவீரனை நிமிர்த்தி, காசின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் சுழற்றுங்கள். பின்புறச் சின்னம் தலைகீழாக வந்தால் ஒரு வகை, நேராக வந்தால் இன்னொரு வகை. லென்ஸ்கூட வேண்டாம். முகம், வாள், டிராகன் எல்லாம் மழுங்கினாலும் இந்தத் திசை மட்டும் தேயாது.

1854-ல் பார்க்க வேண்டியது வருடத்தின் ‘4’. அதன் குறுக்குக் கோட்டின் நுனியில் குட்டியாக ஒரு நிமிர்ந்த கோடு இருந்தால் அது ‘கிராஸ்லெட் 4’. இல்லாவிட்டால் சாதா 4. கிராஸ்லெட்தான் அரிது, விற்கும்போதும் கூடுதல் விலை கிடைக்கும். என் அனுபவத்தில், குதிரையைவிடத் தேதி அதிக நாள் தாக்குப்பிடிக்கிறது. ஆனாலும் அவசரப்படக் கூடாது. ஒரு பென்னியில் கிராஸ்லெட்டைக் கண்டுபிடித்துவிட்டதாக இரண்டு நாள் மிதந்தேன். ஆலிவ் எண்ணெயில் ஊறவைத்துப் பல் குத்தும் குச்சியால் தொட்டதும் அது உதிர்ந்து வந்தது. பச்சைக் களிம்பு! செம்பும் களிம்பும் உடன்பிறந்தவை என்று சைவ சித்தாந்தக்காரர்கள் சொன்னபோது கேட்டிருக்க வேண்டும்.

இதிலும் எல்லாம் சுலபமில்லை. 1850 பென்னியின் பின்புறச் சின்னத்தில் இரண்டு வளக்கொம்புகளின் (பழமும் பூவும் வழியும் கொம்புகள்) நுனிக்கு நடுவே புள்ளி இருப்பதும் இல்லாததும் தனித்தனி வகை. தேய்ந்த காசில் அந்தப் புள்ளியை நான் நம்புவதில்லை. ‘தெரியவில்லை’ என்று உறையில் எழுதி வைத்துவிடுகிறேன்.

நோவா ஸ்கோஷியா பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதி இல்லை, கையில் இருப்பதே ஏழு காசு. 1840 அரைப் பென்னியில் சுழியம் மூன்று அளவுகளில் வருகிறது. அது தேதியில் இருப்பதால் நல்ல அடையாளம்தான். ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொன்று இல்லாமல் எது சிறியது, எது நடுத்தரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. 1832 காசுகளில் எடை குறைந்த கள்ளக்காசும் கலந்திருக்கிறது. 1830-லேயே இறந்துபோன நான்காம் ஜார்ஜ் தலையை அசல் காசே சுமக்கிறது என்றால், போலியைக் குறை சொல்லி என்ன பயன்? கள்ளக்காசில் ஒன்று தேதியையே 1382 என்று மாற்றி அடித்தது. அது கிடைத்தால் என் கட்சியை மாற்றிக்கொள்வேன்.

இப்போதைக்கு 1852-கள் பதினொன்றையும் திசை பார்த்துப் பிரித்தாகிவிட்டது. பூங்கொத்துகளைத் தனி உறையில் போட்டுவிட்டேன். நட்சத்திரமும் தொப்பியும் அதில் இல்லை, முதல் நாளே பார்த்துவிட்டேன்.